ஸ்திர புஷ்ப உத்தரவு

பூ காலையில் பூக்கும், சாயங்காலம் வாடும். 1909-ஆம் வருஷம் வரையில் இதற்கு எந்த சர்க்காரும் ஆட்சேபணை சொன்னதில்லை. தாமிரபரணிக் கரைக்கு எத்தனையோ ராஜாக்கள் வந்து வரி வாங்கிப் போயிருக்கிறார்கள். பூ வாடுவதை எல்லாரும் பொறுத்துக்கொண்டார்கள். பொறுக்காதவர் ஒருவர்தான். எங்கள் மேலச்சாத்தன்கரையில் டிப்டி தாசில்தாராக இருந்த நமச்சிவாயம் பிள்ளை. தெருவும் சுகாதாரமும் பார்க்கிற ஊர் யூனியனின் தலைமையும் அவர் கையில்தான் இருந்தது.

அவர்மேல் கோபம் வைத்து இதை எழுதவில்லை. நடந்து எட்டு வருஷமாகிறது, கோபமெல்லாம் ஆறிவிட்டது. அவர் பெயர், அவர் தலைப்பாகையின் கரை, ஆபீஸில் அவர் என்னை நிற்க வைத்த வெயில், இந்த மூன்றும் மட்டும் மறக்கவில்லை.

என் பெயர் அப்பாத்துரை. ஆற்றுக்கு வடக்கே ஒரு ஏக்கர் பூந்தோட்டம். கேந்தி, பிச்சி, செவ்வந்தி, மரிக்கொழுந்து போடுவேன், மாலையும் கட்டுவேன். கோவில் திருவிழா, மாதா கோவில், சந்தனக்கூடு, எல்லாவற்றுக்கும் என் தோட்டத்துப் பூதான் போகும். மிஷன் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு வரை படித்தேன். அதற்கு மேல் படித்திருந்தால் இந்தக் கதை எனக்குப் புரியாமல் போயிருக்கும்.

அந்த வருஷம் ஜனவரி முதல் தேதி, டிவிஷன் துரையின் பங்களாவுக்கு டிப்டி தாசில்தார் சலாம் சொல்லப் போனார். கையில் எலுமிச்சம்பழம். பின்னால் மாலைக் கூடையோடு நான். துரைசாணி அம்மாள் மூன்று மாதம் முன்பே பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடச் சீமைக்குக் கப்பலேறிவிட்டார். அன்றிலிருந்து பூட்டிக் கிடந்த ஹாலை வருஷப் பிறப்புக்கென்று திறந்திருந்தார்கள். சக்கரவர்த்தி படத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டு வெண்கல ஜாடி. அம்மாள் போகிற அன்று வைத்த ரோசாப்பூவும் நாணல் பூவும் அதிலேயே காய்ந்து, பழுத்த புகையிலை நிறத்தில் நின்றன.

துரைக்கு என் மாலையைப் போட்டார்கள். துரை இரண்டு தும்மல் தும்மி, மாலையைக் கழற்றி நாய் படுக்கும் நாற்காலியில் போட்டுவிட்டு உள்ளே போனார். டிப்டி தாசில்தார் மாலையைப் பார்த்தார். ஜாடியைப் பார்த்தார். பட்லர் ஹாஜாவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஹாஜா, இந்தப் பூவை ஏன் மாத்தலை?"

"ஹால்ல ஒரு சாமானையும் தொடக்கூடாதுன்னு அம்மா உத்தரவுங்க."

"உத்தரவா?"

"ஆமாங்க. போன தடவை நான் துடைக்கப் போயி ஒரு பீங்கான் தட்டு உடைஞ்சு போச்சு. அதனால..."

பீங்கான் தட்டு அவர் காதில் விழவில்லை. உத்தரவு விழுந்துவிட்டது. திரும்பி வரும் வழியில் வாய்க்கால் பாலத்தில் நின்றார்.

"அப்பாத்துரை, பாத்தீரா வே?"

"பாத்தேனுங்க. செத்த பூ."

"செத்த பூவா? சக்கரவர்த்தி படத்துக்குப் பக்கத்துல செத்த பூவையா வைப்பாங்க? அது நிலைச்ச பூ வே. நாம பச்சையா கொண்டு போனோம், நாய்க்குப் போச்சு."

ஒரு வாரத்தில் ஆபீஸ் மேஜையில் காய்ந்த கேந்தி வந்தது. இரண்டாவது வாரம் குமாஸ்தாக்கள் மேஜைகளுக்கும் வந்தது. மூன்றாவது வாரம் உத்தரவு வந்தது. அதன் வாசகம் எனக்கு மனப்பாடம்: "இதனால் சகலருக்கும் அறிவிப்பதாவது. வாடும் தன்மையுள்ள பூக்கள் இனித் தற்காலிக புஷ்பம் எனவும், வாடி முடிந்து மேற்கொண்டு வாட இயலாத பூக்கள் ஸ்திர புஷ்பம் எனவும் கருதப்படும். தெருவில் போடப்படும் கல்யாணப் பந்தல்களில் ஸ்திர புஷ்பம் மட்டுமே உபயோகிக்கத்தக்கது. தற்காலிக புஷ்பம் உதிர்ந்து, அழுகி, ஈ மொய்த்து, பொது சுகாதாரத்துக்கும் ராஜ விசுவாசத்துக்கும் குந்தகம் விளைவிக்கிறது."

தெருவில் பந்தல் போட யூனியன் அனுமதி வேண்டும். எங்கள் ஊரில் வீடு தெருவை ஒட்டியே நிற்கும். ஆகவே எல்லாப் பந்தலும் தெருப் பந்தல்தான்.

எந்தப் பூ உலரும், எந்தப் பூ உலராது என்று ஆபீஸில் யாருக்கும் தெரியாது. என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். தெரிந்ததைச் சொன்னேன். மல்லிகை கறுத்துவிடும், தாமரை கொட்டிவிடும், கோழிக்கொண்டை நிற்கும், நாணல் நிற்கும். நிழலில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டால் செவ்வந்தியும் நிற்கும். வாடாமல்லி உலர்ந்தாலும் நிறம் மாறாது.

"மாறவே மாறாதா?" என்றார் டிப்டி தாசில்தார்.

"மாறாதுங்க. பச்சையும் காய்ஞ்சதும் ஒண்ணு போலத்தான் இருக்கும்."

"அப்போ பச்சையை வச்சிட்டுக் காய்ஞ்சதுன்னு சர்க்காரை ஏமாத்தலாம்."

வாடாமல்லியால் எல்லாப் பூவுக்கும் உலர்ந்த சான்றிதழ் வேண்டும் என்று துணை உத்தரவு பிறந்தது. சான்றிதழ் கொடுக்கிற வேலை ஜெபசீலன் என்ற குமாஸ்தாவுக்கு. பூவைக் காதருகே வைத்து விரலால் நசுக்கிப் பார்க்க வேண்டும். சரசர என்றால் ஸ்திரம். சத்தம் வராவிட்டால் தற்காலிகம். நல்ல பையன், மெட்ரிகுலேஷன் தேறியவன், ஆறு வருஷமாகத் தற்காலிகக் குமாஸ்தா. காலையிலிருந்து சாயங்காலம் வரை பூவைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவனுக்குத்தான் என் மகள் யூனிஸைப் பேசியிருந்தோம்.

உத்தரவு போட்டதும் ஜனங்கள் முணுமுணுத்தார்கள். நானும் முணுமுணுத்தேன். வக்கீல் ஞானசம்பந்தன் வீட்டில் ஸ்திர புஷ்பத்தில் கல்யாணம் நடக்கப்போகிறது என்று தெரிந்ததும் முணுமுணுப்பு நின்றது. வக்கீல் வீட்டில் செய்தால் அது நாகரிகம். பச்சைப் பூ வைத்திருந்த பெண்கள் தெருவில் தலையைச் சேலையால் மூடிக்கொண்டு போனார்கள். "அவ இன்னும் ஈரப்பூ வைக்குதா" என்பது தண்ணீர்த்துறையில் ஒரு வசவாகிவிட்டது.

அத்தனை பூவை உலர்த்த இடம் முகம்மது சுல்தான் ராவுத்தரிடம்தான் இருந்தது. அவர் நிலவாகை வியாபாரி. நிலவாகை என்றால் வயிற்றைக் கழுவ வைத்தியர் கொடுக்கிற இலை. எங்கள் பக்கத்து இலை தூத்துக்குடியில் கப்பலேறிச் சீமைக்குப் போய் அங்கேயும் அதே வேலையைச் செய்கிறது. அந்த இலை காய்கிற களத்தில், அந்த இலைக்கு நடுவிலேயே பூவையும் போட்டுக் காயவைத்தார். நிறம் அழகாக நின்றது. ராவுத்தர் நேர்மையான மனுஷர், பூவை ஒப்படைக்கும்போதே சொன்னார்.

"எசமான், இலைத்தூசி ஒட்டியிருக்கு. தண்ணில ஒரு முக்கு முக்கி உதறிட்டுக் கட்டச் சொல்லுங்க."

"தண்ணியில முக்கினா அது ஈரமாயிரும்லா?" என்றார் டிப்டி தாசில்தார்.

"ஆமா, பெறவு காய்ஞ்சிரும்."

"காயுற வரைக்கும் அது எந்த வகுப்பு வே? தற்காலிகம். தற்காலிகமா ஆனதைத் திரும்ப ஸ்திரமாக்க உத்தரவுல இடமில்லை. அப்படியே கட்டும்."

ராவுத்தர் என்னைப் பார்த்தார். "அண்ணாச்சி, அந்தக் கல்யாணத்துல நீங்க சாப்பிடாதிய" என்று மட்டும் மெதுவாகச் சொன்னார்.

ஆவணி மாதம் வக்கீல் வீட்டுக் கல்யாணம். பந்தல் முழுக்கக் காய்ந்த கோழிக்கொண்டையும் கேந்தியும் சரம் சரமாகத் தொங்கின. காற்று வந்தபோதெல்லாம் பொடி இறங்கியது. சாம்பாரில் இறங்கியது, பாயசத்தில் இறங்கியது. பந்தியில் இருந்த முந்நூறு பேரும் நாகரிகம் தெரிந்தவர்கள், ஆகவே ஒருவரும் இலையைத் தட்டவில்லை. சாயங்காலம் மாப்பிள்ளை ஊர்வலம் மேளதாளத்தோடு புறப்பட்டது. கீழத்தெரு திரும்பும்போது பாதிப் பேர் இல்லை. வாய்க்கால் தாண்டும்போது நாதஸ்வரம் நின்றது, தவில் மட்டும் கேட்டது. பிறகு தவிலும் வாழைத்தோப்புப் பக்கம் ஓடியது. வண்டியில் மாப்பிள்ளை தனியாக உட்கார்ந்திருந்தார். அவர் இறங்க முடியாது, தாம்பூலத் தட்டு மடியில் இருந்தது. அவர் முகத்தை நான் பார்த்தேன். அவ்வளவு பக்தியான முகத்தை எந்தக் கோவிலிலும் பார்த்ததில்லை.

டிப்டி தாசில்தார் மூன்று நாள் கழித்து எழுந்து வந்து விசாரணை நடத்தினார். "விருந்தினர் அலங்காரத்தின் அழகில் மயங்கி அண்ணாந்து வாய் திறந்து பார்த்ததே காரணம்" என்று அறிக்கை எழுதினார். பரிகாரமும் அதிலேயே இருந்தது. இனிப் பந்தலுக்குள் சாப்பிடக்கூடாது. சாப்பிடுகிற இடத்தில் பந்தல் கூடாது.

இப்படி அந்த வருஷம் போனது. அடுத்த வருஷம் தை மாதம் என் வீட்டுக் கல்யாணம். எங்கள் மிஷன் கோவிலில் மூன்று ஞாயிறு ஓலை கூறியாயிற்று. இந்த இருவரும் சேருவதில் யாருக்காவது தடை உண்டா என்று பாதிரி ஐயர் மூன்று தடவையும் கேட்டார், யாரும் வாய் திறக்கவில்லை. பிப்ரவரி ஏழு, திங்கட்கிழமை கல்யாணம். ஒன்பதாம் தேதி சாம்பற்புதன். அதற்குப் பிறகு லெந்து நாட்கள், கோவிலில் கல்யாணம் கிடையாது.

யூனிஸுக்கென்று ஐப்பசியிலேயே இரண்டு பாத்தி செவ்வந்தி வைத்திருந்தேன். ஒன்று வெள்ளை, ஒன்று மஞ்சள். தையில் அது பூத்து நின்ற நிற்பைத் தெருவில் போகிறவன் நின்று பார்ப்பான். இருபத்தைந்து வருஷமாக ஊரார் வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் நான் பூக் கட்டியிருக்கிறேன். என் வீட்டுக்கு இது ஒன்றுதான். என் ஒரே மகள் என் தோட்டத்துப் பச்சைப் பூவோடு கோவிலுக்குள் நடக்க வேண்டும். அது ஒரு பெரிய ஆசையா என்று நீங்களே சொல்லுங்கள்.

அனுமதி கேட்டு ஆபீஸுக்குப் போனேன். வெயிலில் நிற்க வைத்து, பதினொரு மணிக்குக் கூப்பிட்டார்.

"மனுவுல தற்காலிக புஷ்பம்னு எழுதியிருக்கே?"

"என் சொந்தத் தோட்டத்துப் பூவுங்க. ஒரே ஒரு நாளைக்கு."

"ஒரு நாளைக்குத்தான் இருக்கும். அதுதான் அதோட குத்தம்."

"பூன்னா அப்படித்தானேங்க?"

"அப்பாத்துரை, உம்ம மருமகன் எத்தனை வருஷமா தற்காலிகம்?"

"ஆறு வருஷமுங்க."

"அவனை ஸ்திரமாக்கணும்னு நான் எழுதி மேஜையில வச்சிருக்கேன். மாமனார் வீட்டுப் பந்தல்லேயே தற்காலிக புஷ்பம் தொங்கினா, மேலிடத்துல என்ன நினைப்பாங்க? ஆறு வருஷமா பச்சையா இருக்கான். காயட்டும் வே, நீர் ஏன் தண்ணி ஊத்துதீர்?"

நான் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். அதற்குள் செய்தி மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டது. ஜெபசீலனின் தாய் சாலோமி அன்று மத்தியானமே வந்தாள்.

"அண்ணாச்சி, பூவுக்காக எம் மகன் வேலையைக் கெடுத்துராதிய."

"ஒரு செண்டு பூ, மதினி. அதுக்கா வேலை போகும்?"

"போகாது. ஆனா வராது. அனுமதி வாங்கலைன்னா லெந்து முடியட்டும், அப்புறம் பாப்போம். பாளையங்கோட்டையிலயும் ஒரு இடம் கேக்குதாவ. அங்கன காஞ்ச பூன்னா காஞ்ச பூதானாம்."

லெந்து முடிந்து பார்ப்போம் என்றால் பிறகு பார்க்க மாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் போனபிறகு யூனிஸ் அடுப்படியிலிருந்து வந்தாள்.

"யப்பா, என்னை மாப்பிள்ளைக்குக் கட்டிக்குடுக்குதியளா, பூவுக்குக் கட்டிக்குடுக்குதியளா?"

"உனக்காகத்தாம்மா நட்டேன்."

"எனக்காகவே அறுத்துருங்க."

அறுத்தேன். இரண்டு பாத்தியும். மாட்டுத் தொழுவத்தில் கழி கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டேன். அந்தப் பூக்கள் எல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கின. மாடுகள் இரண்டு நாள் அண்ணாந்து பார்த்தன. பிறகு அவைகளும் பழகிக்கொண்டன. ஜெபசீலன் வந்து, முறைப்படி ஒரு செவ்வந்தியைக் காதருகே நசுக்கி, மாமனாரென்றும் பாராமல் சான்றிதழ் எழுதிக் கொடுத்தான். பந்தலுக்கு அனுமதி வந்தது.

கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பு துரைசாணி அம்மாள் சீமையிலிருந்து வந்து இறங்கினார். ஹாலுக்குள் போனதும் ஜாடியைப் பார்த்து ஹாஜாவை ஏசிய ஏச்சு ரோட்டு வரை கேட்டதாம். காய்ந்த ரோசா குப்பைக்குப் போனது. என் தோட்டத்தில் மிச்சமிருந்த நாலு பச்சைக் கேந்தி ஜாடிக்கு வந்தது, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். டிப்டி தாசில்தார் சலாம் சொல்ல வந்தபோது அதைப் பார்த்தார். இத்தோடு தீர்ந்தது என்று எனக்கு ஒரு சந்தோஷம். அவர் கொஞ்சமும் கலங்கவில்லை. "யூனியன் உத்தரவு பங்களாவைக் கட்டுப்படுத்தாது வே. உமக்குக் கட்டுப்படுத்தும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை காலை கோவிலில் கல்யாணம். யூனிஸ் கையில் காய்ந்த செவ்வந்திச் செண்டு. அவள் நடக்க நடக்க இதழ் உதிர்ந்தது. பீடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது கையில் ஈர்க்கு மட்டும் இருந்தது. "சுகத்திலும் துக்கத்திலும்" என்று சொல்ல ஐயர் நாலு தடவை ஆரம்பித்தார். நாலு தடவையும் தும்மல். கடைசியில் கல்யாணம் ஆயிற்று.

பந்தலுக்கு வந்தோம். துரையும் துரைசாணியும் வண்டியில் வந்து இறங்கினார்கள். சுதேசிகளின் கல்யாணம் பார்ப்பதில் அம்மாளுக்கு ஆசையாம். டிப்டி தாசில்தாருக்கு அப்போதுதான் வியர்த்தது. அம்மாள் பந்தலை அண்ணாந்து பார்த்தார். பழைய விசாரணை அறிக்கையை மதித்து வாயை மூடிக்கொண்டே பார்த்தார் என்று நினைக்கிறேன். பிறகு ஏதோ பேச, ஐயர் தமிழில் சொன்னார்.

"எங்கள் தேசத்தில் பனிக்காலத்தில் பூ கிடைக்காது. அப்போது இப்படித்தான் உலர்த்தி வைத்துக்கொள்வோம் என்கிறார்கள். பன்னிரண்டு மாதமும் பூ பூக்கிற இந்த ஊரில் இப்படி ஒரு வழக்கம் இருப்பது அதிசயம் என்கிறார்கள். எவ்வளவு காலமாக இருக்கிறது என்று கேட்கிறார்கள்."

 பதிமூன்று மாதம் என்று பந்தலில் எல்லாருக்கும் தெரியும்.

"அனாதி காலமாக" என்றார் டிப்டி தாசில்தார்.

அம்மாள் கைப்பையிலிருந்து ஒரு புஸ்தகம் எடுத்து எழுதிக்கொண்டார். ஜில்லாவின் பழைய வழக்கங்களைத் தொகுக்கிறாராம். துரை கொஞ்சம் சந்தேகக்காரர். இதற்கு அத்தாட்சி உண்டா, ஊரில் பூத்தொழிலில் பழைய ஆள் யாராவது எழுதிக் கையெழுத்துப் போடுவார்களா என்று கேட்டார். டிப்டி தாசில்தார் கண் என்மேல் வந்து நின்றது. ஓரமாகக் கூட்டிப் போனார்.

"ஒரு வார்த்தை எழுதித் தாரும் வே."

"எசமான், போன வருஷம் ஹாஜா..."

"ஹாஜா கதை எதுக்கு? உம்ம மருமகன் காகிதத்துல துரை இன்னைக்குக் கையெழுத்துப் போடுதார். நீர் இதுல போட்டா அவர் அதுல போடுவார்."

யூனிஸ் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் பக்கத்தில் ஜெபசீலன். அவன் மடியில் உதிர்ந்து கிடந்த ஒரு பூவைப் பழக்கதோஷத்தில் எடுத்துக் காதருகே வைத்திருந்தான். இரண்டாம் வகுப்பு வரைதான் படிப்பு என்றாலும் என் கையெழுத்து நன்றாக இருக்கும். "எங்கள் தகப்பனார், பாட்டனார், பூட்டனார் காலம் முதல் மேலச்சாத்தன்கரையில் கல்யாணத்துக்கு உலர்ந்த பூவே வழங்கி வருகிறது, இது சத்தியம்" என்று எழுதிக் கொடுத்தேன். துரை அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். அம்மாள் என் கையைக் குலுக்கினார்.

ஜெபசீலன் ஸ்திரமானான். அடுத்த மாதமே அவனைத் திசையன்விளைக்கு மாற்றிவிட்டார்கள். ஸ்திரமானவர்களைத்தான் மாற்ற முடியுமாம், தற்காலிகக்காரர்களை மாற்ற விதியில்லையாம். யூனிஸும் போய்விட்டாள். வருஷத்துக்கு ஒரு தடவை வருவாள்.

அம்மாளின் புஸ்தகம் அச்சாகி வந்தது. அதில் எங்கள் ஊருக்கு ஒரு பக்கம். சுதேசிகளின் புராதன வழக்கத்தில் சர்க்கார் தலையிடக்கூடாது என்று மேலிடத்திலிருந்து கண்டிப்பான தாக்கீது வந்ததால், யூனியன் உத்தரவை ரத்து செய்யவேண்டியதாயிற்று. வழக்கமே இருக்கும்போது உத்தரவு எதற்கு? நமச்சிவாயம் பிள்ளை தாசில்தாராகி வேறு தாலுகாவுக்குப் போனார். அவர் போகிற அன்று நான் மாலை கட்டிக் கொடுக்கவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

இப்போது பச்சைப் பூ வைத்துக் கல்யாணம் செய்தால் அபராதமும் கிடையாது, விசாரணையும் கிடையாது. யார் வேண்டுமானாலும் வைக்கலாம். போன தையில் ஆழ்வார்திருநகரியில் பெண் எடுத்த ஒரு மாப்பிள்ளை மல்லிகை மாலையோடு எங்கள் தெரு வழியாகப் போனான். மாலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. தெரு முழுக்க மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் வந்து நின்றது. "ஏலே, ஒரு ஊருன்னா ஒரு வழக்கம் வேண்டாமாலே?" என்று யாரோ ஒருவர் அவனைப் பார்த்துச் சத்தம் போட்டார். யாரென்று திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.